இரணைமடுவா, கட்டுக்கரையா?

இலங்கையின் வடக்கே, வன்னியில் குளக்கரையில் ஒருநாள் கழிக்க வேண்டுமா? பறவை பார்க்கத்தான் என்றால் நான் கட்டுக்கரைக் குளத்துக்கே போகச் சொல்வேன். அருவியாற்று நீரை நம்பியிருக்கும் இந்தப் பழைய குளம் 1954 முதல் சரணாலயம். ஆழம் குறைவு, தாமரை அதிகம். நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி ஒவ்வோர் இலையாக மிதித்து நடப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். மிதித்த இலை லேசாக அமிழும், அதற்குள் அது அடுத்த இலைக்குப் போய்விடும். மார்கழி, தை என்றால் வலசைத் தாராக்களும் சேரும். மதவாச்சி–மன்னார் வீதி ஓரமாகவே போவதால் பஸ்ஸிலும் வரலாம். நிழல்தான் குறைவு, தொப்பி கட்டாயம்.

இரணைமடு வேறு மாதிரி. 1902இல் தொடங்கி 1920இல் முடித்த பெருங்குளம். கனகராயன் ஆறு நிரப்புகிறது. அணைக்கட்டில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மாரியில் மேலதிக நீர் வெளியேற வான்கதவு திறந்தால் பார்க்கக் கூட்டமே கூடும். குடும்பத்தோடு வர இதுதான் சரி. பறவைகள் உண்டு, ஆனால் தூரத்தில். தொலைநோக்கி இல்லாவிட்டால் கூழைக்கடாவும் வெள்ளைப் புள்ளிதான்.

வள்ளம் ஏற ஆசையா? இரண்டு இடத்திலும் மீனவர்களிடம் முதலில் பேசிப் பாருங்கள். காலையிலேயே போங்கள், மிதவை அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். கையைத் தண்ணீரில் அளைய வேண்டாம், வன்னிக் குளங்களில் முதலை உண்டு.