42 அடி ஃபிஃப்த் வீலுக்கு எந்த டிரக்: ஃபோர்டா, ராமா, செவியா?

எங்கள் முதல் டிரக்கையும் அது இழுத்த வீட்டு டிரெய்லரையும் எடை போட்ட சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தம் ஒன்றில், கேட் ஸ்கேல் எடைமேடையில் போட்டது. முன் அச்சு 4,560 பவுண்டு, பின் அச்சு 6,720, டிரெய்லரின் அச்சுகள் 10,140. முதல் இரண்டையும் கூட்டினால் டிரக்கின் மேல் மட்டும் 11,280 பவுண்டு. அந்த டிரக்கின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த உச்ச எடையோ (சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை) 10,000. விற்பனையாளர் எங்களிடம், "இது 18,000 பவுண்டு இழுக்கும், உங்கள் டிரெய்லர் 13,000தானே" என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை. வண்டி நன்றாகவே இழுத்தது. ஆனால் அதன் முதுகால் தாங்க முடியவில்லை.

போன மாதம் டாலஸிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, 42 அடி ஃபிஃப்த் வீல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஃபோர்டா, ராமா, செவியா, எது வாங்கலாம்?" என்றார். "தம்பி, பிராண்டைக் கடைசியில் பார்ப்போம், முதலில் அந்த டிரெய்லரின் எடையைச் சொல்லுங்கள்" என்றேன். அன்றைக்குப் பேசியதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கன்டெய்னர் லாரியில் டிரெய்லரின் முன்பக்கம் லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் இல்லையா, ஃபிஃப்த் வீல் என்னும் வீட்டு டிரெய்லரும் அப்படித்தான். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழே இறங்கும் கிங்பின் என்ற இரும்பு முளை, பிக்கப்பின் பெட்டில் (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதி), பின் அச்சுக்கு மேலே உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் பூட்டிக்கொள்ளும். பம்பர் பந்தில் மாட்டும் சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 20 முதல் 25 சதவீதம் வைக்கும். ஓட்டும்போது அது அவ்வளவு நிலையாக வருவதற்கு இதுவே காரணம். பெரிய டிரக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

தம்பி பார்த்த டிரெய்லரின் உச்ச எடை 16,500 பவுண்டு, அதாவது ஏழரை டன். விளம்பரத் தாளில் வெற்று எடை 13,500 என்றும், கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும் எடையான பின் வெயிட் (pin weight) 2,600 என்றும் போட்டிருந்தார்கள். அந்த 2,600ஐ நம்பவே கூடாது. பேட்டரியும் நிறைந்த கேஸ் உருளையும் முன்பக்கத்து அடியறையில்தான் இருக்கும், துணிமணி வைக்கும் படுக்கையறையும் முன்பக்கம்தான். தண்ணீர், மளிகை, பாத்திரம் எல்லாம் ஏற்றினால் 15,800 வரும் என்று வைத்துக்கொள்வோம். 22 சதவீதம் போட்டால் பின் வெயிட் ஏறத்தாழ 3,500. ஹிட்ச்சுக்கு 200, கணவன் மனைவிக்கு 330, கருவிப் பெட்டி, ஜெனரேட்டர் வகைக்கு 200. ஆக 4,230 பவுண்டு டிரக்கின் முதுகில் ஏறும். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

டிரக்குகளை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரிப்பார்கள். அவை வகைப் பெயர்கள்தான், தாங்கும் எடை அல்ல. ஃபோர்டு எஃப்-150 போன்ற அரை டன் வண்டிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விளம்பரத்தில் 13,000, 14,000 பவுண்டு இழுக்கும் என்பார்கள். பேலோட், அதாவது வண்டி தன் முதுகில் தாங்கும் எடை, பெரும்பாலும் 2,000ஐத் தொடாது. விட்டுவிடலாம்.

அடுத்தது முக்கால் டன்: ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவியின் (செவ்ரோலே) சில்வராடோ 2500. பலர் தவறு செய்வது இங்கேதான். நானும் இங்கேதான் செய்தேன். டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்த்த முக்கால் டன் வண்டி தானே 7,700 பவுண்டு வரும். உச்ச எடை 10,000 என்று ஒட்டியிருந்தால் மிச்சம் 2,300தான். எஞ்சின் என்னவோ ஒரு டன் வண்டியில் இருப்பதுதான், அதே சத்தம், அதே இழுப்பு. அதனால்தான் ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. ராம் 2500இல் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். காலியாக ஓட்ட சுகமாக இருக்கும். பின் வெயிட் ஏறினால் பிருஷ்டம் தணிந்துவிடும். 3500இல் இலை ஸ்பிரிங்.

ஒரு டன், ஒற்றைச் சக்கரம், அதாவது பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம்: எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500. உச்ச எடை 12,000 பவுண்டைத் தாண்டும், பேலோட் 4,000க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். தம்பியின் 4,230க்கு இது நூலிழையில் நிற்கிறது. கூட இரண்டு பிள்ளைகளோ ஒரு நாயோ ஏறினால் போச்சு. டயரையும் பாருங்கள். இந்த வண்டிகளில் பரவலாக வரும் 18 அங்குல டயர் ஒன்றின் தாங்குதிறன் 80 பி.எஸ்.ஐ. காற்றில் சுமார் 3,640 பவுண்டு. இரண்டுக்கும் சேர்த்து 7,280. பின் அச்சு அதன் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆகஸ்ட் மாதத்து டெக்சஸ் தார்ச்சாலையில் ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கத்தைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

டூயலி, அதாவது பின்னால் நான்கு சக்கரம். உச்ச எடை 14,000. வண்டி தானே 8,600 என்றாலும் 5,400 பவுண்டு மிச்சம் இருக்கிறது. 18 சக்கர லாரி பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்றுக்கு ஒற்றைச் சக்கர வண்டி ஒருமுறை அசைந்து கொடுக்கும். டூயலி அசையாது. முதல் நாள் ஓட்டியபோது என் மனைவி சொன்னது, "இப்போதுதான் தோளை இறக்கி உட்கார்கிறீர்கள்." தொல்லைகளும் உண்டு. பின்பக்க அகலம் 8 அடி, வாகனத்தில் இருந்தபடியே வாங்கும் காப்பிக் கடை வழியில் நுழைய முடியாது. ஆறு டயர் மாற்ற வேண்டும். உள் டயரின் காற்றைப் பார்க்க முழங்காலிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். தினமும் அலுவலகம் போகும் வண்டியும் இதுதான் என்றால் யோசியுங்கள். 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் யோசிக்காதீர்கள், டூயலியே வாங்குங்கள்.

பெட்டின் நீளமும் இதே அளவுக்கு முக்கியம். டிரெய்லரின் அகலம் 8 முதல் எட்டரை அடி, பாதி 48 முதல் 51 அங்குலம். 90 டிகிரி திரும்பும்போது கிங்பின்னிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு டிரெய்லரின் பக்கச் சுவர் முன்னால் வரும். குட்டை பெட்டில் பின் அச்சுக்கும் கேபினுக்கும் இடையே சுமார் 40 அங்குலம்தான். கணக்கு இடிக்கிறதல்லவா, கண்ணாடியும் இடிக்கும். எங்கள் முதல் டிரக் குட்டை பெட். ஒரு பெட்ரோல் பங்கில் ஒடித்துத் திருப்பும்போது மனைவி கத்திய கத்தலில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் மூலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையவில்லை, விரல்கள் மட்டும் நுழைந்தன. திரும்பும்போது தானே பின்னால் நகரும் ஹிட்ச்கள் இருக்கின்றன, முன்மூலை உள்வாங்கிய டிரெய்லர்களும் வருகின்றன. இருந்தாலும் 8 அடி பெட்டுக்கு ஈடு இல்லை.

பெட்ரோலா டீசலா? ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 430 குதிரைசக்தி கொடுக்கிறது, டார்க், அதாவது திருப்பு விசை, 485 பவுண்டு-அடி. டீசலைவிட விலை ஏறத்தாழ 10,000 டாலர் குறையும், வண்டி எடையும் குறைவதால் பேலோட் கூடும். 10,000 பவுண்டு டிரெய்லருக்கும் சமதரைப் பயணத்துக்கும் அது நல்ல தேர்வு. ஆனால் கொலராடோ மலையில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 சதவீதம் போல வலு இழக்கும். மேலே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டீசலின் டர்போ இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய விஷயம். சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும் சரிவில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை கொட்டிய ஒதுங்கு பாதைகள் வைத்திருக்கிறார்கள். டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியைக் குறுக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுவிட்டால் கால் பிரேக்கை அபூர்வமாகத்தான் தொட வேண்டியிருக்கும். 16,000 பவுண்டுக்கு டீசல்தான்.

சரி, இப்போது மூன்று பேரையும் பார்ப்போம்.

ஃபோர்டு எஃப்-350இல் 6.7 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் வி8. 2023 மாடலிலிருந்து சாதாரண வகை 475 குதிரைசக்தி, 1,050 டார்க். உயர்திறன் வகை 500, 1,200. மூவரில் எண்களைப் பார்த்தால் முதல் இடம் இதற்குத்தான். 10 கியர் தானியங்கி, ஏற்றத்தில் கியர் மாறுவது சீராக இருக்கும். நீள பெட் டீசலில் 48 கேலன் தொட்டி. உயர்திறன் எஞ்சினுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், இந்த எடைக்கு அது தேவையே இல்லை.

ராம் 3500இல் கம்மின்ஸ் 6.7 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர். 2021 முதல் 2024 வரை உயர்திறன் வகை 420 குதிரைசக்தி, 1,075 டார்க், கூடவே ஐசின் 6 கியர். 2025இல் 430 குதிரைசக்தியும் புதிய 8 கியரும் வந்தன. குதிரைசக்தியில் மூவரில் கடைசி, ஏற்றத்தில் ஃபோர்டுக்கு ஓரிரு நிமிடம் பின்னால்தான் வரும். எனக்கு அது பொருட்டில்லை. நேர்வரிசை எஞ்சினில் கைவைக்க இடம் தாராளம், கம்மின்ஸ் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரில்கூடக் கிடைப்பார். எக்ஸாஸ்ட் பிரேக் அருமை. நீள பெட்டில் 50 கேலன் தொட்டி கேட்டு வாங்கலாம். பின்பக்கத்துக்கு ஏர் சஸ்பென்ஷனும் உண்டு, டிரெய்லர் ஏறியதும் வண்டி தானே மட்டமாகிவிடும். பழையது வாங்குவோருக்கு ஒன்று: 2019, 2020 மாடல்களில் வந்த சிபி4 எரிபொருள் பம்ப்பைக் கம்பெனியே திரும்ப அழைத்து சிபி3 மாற்றிக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று வண்டி எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

சில்வராடோ 3500, அதன் உடன்பிறப்பு ஜி.எம்.சி. சியரா இரண்டிலும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி8. 2024இலிருந்து 470 குதிரைசக்தி, 975 டார்க், ஆலிசன் பெயர் தாங்கிய 10 கியர். முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் இதில் மட்டும்தான். நான்கு சக்கர இயக்க ஃபோர்டிலும் ராமிலும் முன்னால் கட்டை அச்சு. டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஊருக்குள் ஓட்டும் நாட்களில் அந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் காலியாக ஓடும் வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குறை, 36 கேலன் தொட்டி. இந்தச் சுமையோடு கேலனுக்கு 9 மைல் கிடைத்தால் முழுத் தொட்டிக்கு 324 மைல், அதிலும் கால் தொட்டி மிச்சம் வைத்து நிறுத்திவிட வேண்டும். ராமின் 50 கேலனுக்கு 450. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 60 அடி நீளம் இருக்கும்போது நினைத்த இடத்தில் டீசல் போட முடியாது. நிறுத்தம் ஒன்று குறைந்தாலே பெரிய நிம்மதி.

எஃப்-450 பற்றியும் தம்பி கேட்டார். இழுவை எண் 40,000 வரை போகிறது, லாரி டயர், முன் சக்கரம் அகலமாக வெட்டித் திரும்பும். முகாமில் ரிவர்ஸ் எடுக்கும்போது அது சொர்க்கம். ஆனால் அதன் உச்ச எடையும் எஃப்-350 டூயலியின் அதே 14,000தான். வண்டி கனமாகிவிட்டதால் பேலோட் உண்மையில் குறைகிறது. திரும்பும் வளைவுக்காக வாங்கலாம், தாங்குவதற்காக வேண்டாம்.

உரிமத்தை மறந்துவிடாதீர்கள். டெக்சஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 26,000ஐத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000க்கு மேல் என்றால் வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். தம்பிக்கு 14,000மும் 16,500மும் சேர்ந்து 30,500. கலிபோர்னியாவில் 15,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்கும் அதே உரிமம்.

எங்கள் வீட்டில் இப்போது நிற்பது ராம் 3500 டூயலி, 8 அடி பெட். தம்பி வாரம் மூன்று நாள் அலுவலகத்துக்கும் அதையே எடுக்க வேண்டும் என்பதால் சில்வராடோ டூயலியைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன் தொட்டியை நிரப்பி, இருவரும் ஏறி, அந்தக் குறிப்பிட்ட வண்டியையே எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட உச்ச எடை கொண்ட வண்டிகளுக்குப் பேலோட் எழுதிய மஞ்சள் ஒட்டி கட்டாயமில்லை, நாமே கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சனிக்கிழமை போய்ப் போட்டுவிட்டுச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். 8,940. இருவர் ஏறிய பிறகும் 5,060 மிச்சம். அன்று மாலையே அவர் மனைவி கராஜை டேப் வைத்து அளந்திருக்கிறார். 20 அடி. டிரக் 22 அடி. வெளியே நிறுத்திக்கொள்கிறோம் அண்ணா என்றார்.