நாய்க்காது காலருக்கு எந்தச் சட்டை, யார் கை: சாலைத்தெரு ஆல்ட்ரேஷன் கடை எப்படி?

எழுபதுகளில் நடக்கிற கதையாக ஒரு படம் ஓடிவிட்டால் போதும். அடுத்த திருவிழா ஆடல் பாடலுக்கு அந்தக் கதாநாயகன் சட்டைதான் வேண்டும் என்று ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை தேட ஆரம்பித்துவிடுவார்கள். செங்காவி நிறம், தோளை நோக்கி விரியும் நாய்க்காது காலர், மூடி வைத்த இரண்டு பை, தோளில் பட்டி, மடித்துத் தைத்த அரைக்கை, உடம்போடு ஒட்டிய தையல். துணி எடுத்துப் புதிதாகத் தைப்பதுதான் சுத்தமான வழி. ஆனால் மேடையில் இரண்டு பாட்டுக்கு நிற்கப்போகும் சட்டைக்கு அந்தத் தையல் கூலி கட்டாது. கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டையை வாங்கிப் பிரித்து மாற்றுவதுதான் இங்கே நடப்பது.

இந்த மதிப்பீடு அப்படி மாற்றிய ஒரு சட்டையைப் பற்றியது. சட்டை 499 ரூபாய் முழுக்கை. மாற்றியது ராமநாதபுரம் சாலைத்தெருவில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு மிஷின் போட்டிருக்கும், பெயர்ப் பலகை கூட இல்லாத ஆல்ட்ரேஷன் கடை. கூலி 350, மூன்று நாள். காலர் வேலை முதல் தரம். பை மூடியில் கோட்டை விட்டுவிட்டார்கள்.

முதலில் சட்டை. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். அரைக்கைச் சட்டை வேண்டும் என்பதால் அரைக்கையாகவே வாங்கிவிடுகிறார்கள். பெரிய காலருக்குத் துணி எங்கிருந்து வரும்? அதே நிறத்தில் தனித் துணி கிடைக்கவே கிடைக்காது. கிடைத்தாலும் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். முழுக்கை வாங்கினால் கையை வெட்டியதில் மிஞ்சும் துணியே காலருக்கு ஆகிவிடும்.

கட்டம், கோடு வேண்டாம், பிளெயின் எடுங்கள். அளவைத் தோளை வைத்து முடிவு செய்யுங்கள், நெஞ்சை வைத்து அல்ல. நெஞ்சுச் சுற்றளவைப் பக்கத் தையலை உள்ளே தள்ளிப் பிடித்துக் குறைக்கலாம். தோள் இறங்கினால் கையையே கழற்றி மாட்ட வேண்டும், அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம். துணி டெரிகாட்டனாக, அதாவது பாலியஸ்டர் கலந்த பருத்தியாக இருப்பது நல்லது. சுத்தப் பருத்தியில் இந்தக் கடல் காற்றின் ஈரத்துக்கு நீளமான காலர் முனை ஒரு மணி நேரத்தில் சுருண்டு மேலே பார்க்கும். ஒன்று மட்டும் கவனம்: செங்காவி கிடைக்காமல் வெள்ளைச் சட்டைக்குச் சாயம் போட நினைத்தால் பருத்திதான் வாங்க வேண்டும், டெரிகாட்டனில் பருத்திச் சாயம் வெளிறித்தான் பிடிக்கும். தைத்த பாலியஸ்டர் நூலும் சாயம் ஏறாமல் வெள்ளையாகவே நிற்கும். அது குறையில்லை, அந்தக் காலத்து எடுப்புத் தையல் மாதிரியே இருக்கும்.

வாங்கியதும் ஒரு முறை துவைத்துக் காய வைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். துணி சுருங்கும், காலருக்குள் ஒட்டும் கேன்வாஸ் சுருங்காது. துவைக்காமல் ஒட்டினால் முதல் துவைப்பிலேயே காலர் அப்பளம் போலப் பொரிந்துவிடும். கடைசி அலசலுக்குக் காவிரித் தண்ணீர் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரில் அலசினால் கருத்த நிறத்தில் உப்புக் கோடு தெரியும்.

படத்துக் காலரின் அளவை எப்படி எடுப்பது? பட்டனை வைத்து. சட்டையில் வழக்கமாக வரும் 18 லைன் பட்டன் குறுக்கே ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். நாயகன் நேராக நிற்கும் ஒரு படத்தை செல்போனில் நிறுத்தி, காலர் முனையின் நீளம் எத்தனை பட்டன் என்று பாருங்கள். ஒன்பதரைப் பட்டன் வந்தால் நாலேகால் இஞ்ச். இப்போதைய ரெடிமேட் காலர் முனை இரண்டரை, இரண்டே முக்கால்தான். பை மூடிக்கும் தோள்பட்டிக்கும் இதே கணக்குத்தான். திரையில் தெரியும் நிறத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. பழைய காலம் காட்டுவதற்காக மஞ்சள் ஏற்றியிருப்பார்கள்.

இனி வேலை. காலரில் இரண்டு பாகம்: கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, அதன்மேல் மடிந்து விழும் மேல் காலர். மாற்ற வேண்டியது மேல் காலரை மட்டும். கடைக்காரரிடம் "அண்ணே, பட்டியைக் கழுத்திலிருந்து பிரிக்காதீங்க, மேல் காலரை மட்டும் மாத்துங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டியையும் பிரித்தால் கழுத்து இழுபட்டு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். இந்தக் கடையில் சொல்வதற்கு முன்பே அவரே பட்டியைத் தொடாமல் பிளேடால் மேல் தையலை மட்டும் பிரித்தார். நாலு தையலுக்கு ஒன்று அறுத்து, மறுபக்க நூலைச் சரசரவென்று உருவினார். துணியில் ஒரு இழை அறுபடவில்லை.

கை வெட்டில் கணக்கு இப்படி. 40 சைஸ் முழுக்கை, கஃப் (மணிக்கட்டுப் பட்டி) இல்லாமல் சுமார் இருபத்திரண்டரை இஞ்ச். அரைக்கைக்கு ஒன்பதரை, மடிப்புக்கு ஒன்றரை விட்டு வெட்டினால் கைக்குப் பதினொன்றரை இஞ்ச் நீளத் துணி மிஞ்சும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கஃப் பக்கமிருந்து மேலே ஆறு இஞ்ச் வரை கைத்திறப்பு வெட்டு ஓடும். அவசரக்காரர்கள் அதைப் பார்க்காமல் காலரை வரைந்து, வெட்டிய பிறகு தலையில் கை வைப்பார்கள். வெட்டு இல்லாத பக்கத்திலிருந்து கைக்கு ஒன்றாக, பத்தரைக்கு ஐந்தரை இஞ்சில் இரண்டு துண்டு எடுத்தால் காலரின் வெளிப்பக்கம் முடிந்தது. நடு முதுகில் ஒரு ஒட்டு வரும். எழுபதுகளின் தலைமுடியோ விக்கோ அதை மூடிவிடும். உள்பக்கத்துக்கு நிறம் ஒத்த எந்தத் துணியும் போதும். எட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

உள்பக்கத் துண்டை முனையில் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், சின்னதாக வெட்ட வேண்டும். அப்போதுதான் தைத்துத் திருப்பியதும் முனை உள்நோக்கி வளையும். இரண்டும் ஒரே அளவானால் முனை வெளியே விரிந்து நிற்கும். கேன்வாஸை முனைத் தையலுக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும், தையலுக்குள் போனால் மூலை தடித்து மொட்டையாகிவிடும். ஒட்டும்போது ஆவி இல்லாமல் காட்டன் சூட்டில் பதினைந்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இஸ்திரியைத் தேய்த்து ஓட்டினால் கேன்வாஸ் நகர்ந்துவிடும். ஆறும் வரை துணியைத் தூக்கக் கூடாது.

முனை திருப்புவதில்தான் இந்தக் கடையின் கைவண்ணம். பலரும் கத்தரிக்கோல் நுனியால் உள்ளிருந்து குத்தித் தள்ளுவார்கள். பத்தாவது முறை போடும்போது அங்கே நூல் கிளம்பி ஓட்டை விழும். இவர் தைத்துக்கொண்டே மூலைக்கு வந்ததும் ஊசியைக் குத்தியபடி நிறுத்தி, தடித்த நூல் ஒன்றை இரண்டு துணிக்கும் நடுவே ஊசியைச் சுற்றிப் போட்டார். மூலையின் குறுக்கே ஒரே ஒரு தையல், பிறகு அடுத்த பக்கம். மிச்சத் துணியை ஒரு நூல் அளவுக்குக் குறைத்து வெட்டித் திருப்பி, அந்தத் தடித்த நூலை வெளியே சுண்டி இழுத்தார். வேல் முனை மாதிரி வந்து நின்றது. நூலை உருவியதும் தடயமே இல்லை. ஓரத்தில் இரண்டு நூல் தள்ளி மேல் தையல், இஞ்சுக்குப் பத்துத் தையல். கேட்டால் உள்ளே காலர் போன், அதாவது முனையை விறைப்பாக நிறுத்தும் தகடு, வைக்கச் சின்னப் பையும் தைத்துத் தருகிறார். நாலேகால் முனைக்கு மூன்றேகால் இஞ்ச் போன் சரி. கடற்கரை மேடையில் நிற்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

பை மூடிக்குக் கஃபைப் பிரித்தாலே போதும், உள்ளே கேன்வாஸோடு தயாராக இருக்கிறது. ஒரு கஃபில் ஒரு மூடி, காஜா (பட்டன் துளை) விழுந்த நுனியை மட்டும் வெட்டித் தள்ளிவிடலாம். வலது பக்கத்துக்குப் புதிதாக ஒரு பை வேண்டும். துணி குறைந்தால் மேல் ஒன்றரை இஞ்சை ஒட்டுப் போடலாம், மூடி அதை மறைக்கும். இந்தக் கடை செய்த தவறு, பக்கங்களைப் பிடிப்பதற்கு முன்பே பையை வைத்துவிட்டது. பிறகு பக்கத்துக்கு ஒரு இஞ்ச் பிடித்ததும் இரண்டு பையும் அக்குளுக்கு நகர்ந்துவிட்டன. வலது மூடி இடதை விட இரண்டு நூல் கீழே வேறு. முதலில் பக்கம், போட்டுப் பார்த்து சாக்கட்டியால் குறி, கடைசியில்தான் பை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பக்கத்துக்கு ஒரு இஞ்ச் பிடித்தால், முன் துணியிலும் பின் துணியிலும் போவதால், மொத்தச் சுற்றளவில் நாலு இஞ்ச் குறையும். அதற்கு மேல் அங்கே பிடிக்க வேண்டாம். மிச்சத்தை முதுகில் இரண்டு டாட் (உள்ளே பிடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) போட்டு எடுக்கலாம், அரை இஞ்ச் ஆழம், பன்னிரண்டு இஞ்ச் நீளம். கீழ் வளைவை நேராக வெட்டினால் விழும் துணியில் தோள்பட்டி ஆகிவிடும், ஒன்றேகால் இஞ்ச் அகலம். அதில் டிச் பட்டன் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் இரும்பு துருவாகும், பித்தளை பச்சை பிடிக்கும். சாதாரண பிளாஸ்டிக் பட்டனே போதும்.

ஊசியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் கடலை ஒட்டிய கடைகளில் மிஷினில் மாட்டிய ஊசியே நாலு நாளில் துருப் பிடிக்கும். வெளிர் துணியில் ஊசி இறங்கிய இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. புது 14 நம்பர் ஊசி போடச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 16 போட்டால் காலரில் ஓட்டை தெரியும்.

கை மடிப்பு, கீழ் மடிப்பு மட்டும் என்றால் கீழக்கரையிலோ ராமேஸ்வரத்திலோ தெருவோர மிஷினே போதும், சாலைத்தெரு வரை வர வேண்டியதில்லை. காலர் என்றால் பஸ் ஏறி வாருங்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முந்தைய மாதத்தில் வேண்டாம், புதுத் தையல் குவிந்திருக்கும்போது ஆல்ட்ரேஷன் பை மூட்டைக்கு அடியில் போய்விடும்.

மாற்றிய சட்டையைக் கடையிலிருந்து திரும்ப வாங்கும்போது காலரை நடுவில் மடித்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு நூல் வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு நூல் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், காசை எண்ணி வைப்பதற்கு முன்பு. வைத்த பிறகு கேட்டால் "நாளைக்கு வாங்க தம்பி"தான்.