கார்பன் வரியா, உமிழ்வுச் சந்தையா?

புகையைக் கக்குபவர் அதற்குக் காசு கட்ட வேண்டும் என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. எப்படி வசூலிப்பது என்பதில்தான் இரண்டு கட்சி. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இவ்வளவு என்று அரசே வரி போடலாம். அல்லது, இந்த ஆண்டுக்கு மொத்தம் இத்தனை டன்தான் என்று உச்சவரம்பு வைத்து, அதற்கான உரிமங்களை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விடலாம். வரியில் விலை நிச்சயம், புகை எவ்வளவு குறையும் என்பது நிச்சயமில்லை. சந்தையில் நேர் எதிர்.

காகிதத்தில் வரிக்குத்தான் வெற்றி. எரிபொருளுக்கு வரி வசூலிக்கும் ஏற்பாடு பெரும்பாலான நாடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு ஒரு தொகையைச் சேர்த்தால் முடிந்தது. சந்தை என்றால் ஒவ்வோர் ஆலையின் உமிழ்வையும் அளக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், பேரேடு வைக்க வேண்டும். 1991-இல் கார்பன் வரி கொண்டுவந்த சுவீடன், அதே சமயத்தில் வருமான வரியைக் குறைத்தது. வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரித்த நகரங்கள் மரக்கழிவுக்கு மாறின. இன்று அங்கே டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல் வரி, ஆனாலும் யாரும் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை.

சந்தையின் தொடக்கமோ பரிதாபம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கியபோது தேவைக்கு அதிகமான உரிமங்களை, அதுவும் பெரும்பாலும் இலவசமாக, அள்ளிக் கொடுத்துவிட்டது. 2007-இல் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் நிதி நெருக்கடி வந்து உற்பத்தி சுருங்க, மறுபடி உரிமங்கள் தேங்கின. 2019 முதல் உபரியைச் சந்தையிலிருந்து உறிஞ்சும் ஏற்பாடு வந்தது. 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது. அந்த ஆண்டு, திட்டத்துக்குள் வரும் மின் நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005-ஐவிட ஏறக்குறைய 47 சதவீதம் குறைவு. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கொடுத்த மானியங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெருமை முழுவதையும் சந்தைக்கே கொடுத்துவிட முடியாது.

இவ்வளவு சொதப்பிய பிறகும் அது உயிரோடிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரிகளின் கதையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்த கார்பன் விலை 2014-இலேயே ரத்து. பின்னாளில் சந்தையாக மாற வேண்டிய திட்டம்தான் அது, ஆனால் எதிர்க்கட்சி அதற்கு ‘வரி’ என்று பெயர் ஒட்டியே தேர்தலில் ஜெயித்தது. பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு 2018-இல் மஞ்சள் சட்டைப் போராட்டத்தில் முடிந்து, கைவிடப்பட்டது. கனடா வசூலித்ததில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. அப்படியும் 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான கட்டணம் போய்விட்டது. பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது. பெட்ரோல் பங்க் ரசீதில் தெரியும் விலைக்கு ஆயுள் குறைவு. உரிமத்தின் விலையும் கடைசியில் மின்கட்டணத்தில் வந்து விழத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தனியாகக் காட்டி ஓட்டுக் கேட்பது கஷ்டம். இது கொஞ்சம் ஒளிவுமறைவான வழிதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் ஓட்டு சந்தைக்கு, ஆனால் வெறும் சந்தைக்கு இல்லை, விலை ஓர் அளவுக்குக் கீழே விழாதபடி அடிவிலை வைத்த சந்தைக்கு. பிரிட்டன் 2013-இல் இதைச் செய்தது. ஐரோப்பியச் சந்தை விலை போதாது என்று மின் நிலையங்களிடம் அதற்கு மேல் ஒரு தொகையையும் வசூலித்தது. ஒரே அளவு மின்சாரத்துக்கு எரிவாயுவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உமிழும் நிலக்கரிக்கு அது தாங்கவில்லை. 2012-இல் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது.

சீனா 2021-இல் தொடங்கிய தேசியச் சந்தையை இந்த வரிசையில் இப்போதைக்குச் சேர்க்க மாட்டேன். அங்கே தொடக்கத்தில் மொத்த உமிழ்வுக்கு வரம்பு கிடையாது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள சிறிய நாட்டுக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். நான்கைந்து பேர் வாங்கி விற்கும் இடத்தில் சரியான விலை உருவாகாது. அங்கே வரியே சரி, சுவீடன்போல வேறொரு வரியைக் குறைத்துக்கொண்டே.