கறுப்பு எறும்பு ஃப்ளை: மீனுக்குத் தெரிகிறது, பிடிப்பவருக்குத் தெரிவதில்லை

பென்சில்வேனியாவின் சுண்ணாம்புப் பாறை ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், ஃபோம் எனும் மிதக்கும் நுரைப்பொருளில் செய்த எறும்பு ஃப்ளைகளின் (ஃப்ளை என்பது பூச்சி போலத் தூண்டில் முள்ளில் கட்டிய பொய் இரை) விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவற்றையே மொத்தமாக வாங்கிவிடலாமா, அல்லது நான் பல கோடைகளாகப் பயன்படுத்திவரும், உரோமத்தால் கட்டிய எறும்பை வாங்குவதா என்று கேட்டிருந்தார். கோல், லைன், முள்ளைக் கட்டும் மெல்லிய நுனி இழையான டிப்பெட் பற்றியெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால் நேராக எறும்புக்கே வந்துவிடுகிறேன்.

கார்லைல் நகருக்கு அருகே ஓடும் லெடார்ட் ஓடையின் நீர் ஊற்றுகளிலிருந்து வருவதால் கோடையிலும் குளிர்ச்சி குறைவதில்லை. மேஃப்ளை பூச்சிகள் ஓய்ந்துபோன ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் மீன்கள் இரை தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. கரைப் புல்லிலிருந்து தவறி விழும் எறும்பும் வண்டும் அப்போது அவற்றுக்கு எவ்வளவு முக்கியமான உணவு என்பதை அந்தக் கரையிலேயே கவனித்து, அதற்கேற்ற ஃப்ளைகளை உருவாக்கியவர்கள் வின்சென்ட் மரினாரோவும் சார்லஸ் ஃபாக்ஸும். அவர்கள் கண்டது இன்றைக்கும் அப்படியே பலிக்கிறது. மற்ற எதையும் ஏறிட்டுப் பாராத மீன், நன்றாகக் கட்டிய ஓர் எறும்பை எந்தச் சந்தேகமும் இல்லாமல் வாங்கிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நன்றாகக் கட்டியது என்றால் இடுப்பு மெலிந்தது என்று பொருள். இரண்டு கடுகுகளை இடைவெளி விட்டு நூலில் கோத்தது போல, முன்னும் பின்னும் உரோம உருண்டை, நடுவில் வெறும் நூல், அதன் மேல் சேவல் இறகு இரண்டு மூன்று சுற்று, இவ்வளவுதான் எறும்பு. இணையத்தில் மலிவாக வாங்கிய எறும்புகளில் அந்த இடைவெளி முழுவதும் இறகு அடைத்துக் கிடந்தது. மீன்கள் மேலே வந்தன, மூக்கு உரசும் தூரம் வரை பார்த்தன, திரும்பிப் போய்விட்டன. அதே ஃப்ளையின் இடுப்பில் அடைத்திருந்த இறகைக் கத்தரித்துவிட்டுப் போட்டபோது வாங்கின. எறும்பு என்று விற்பவர் எறும்பின் உருவத்தையாவது பார்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

இத்தனை நல்லதிலும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. உரோம எறும்பு நீரின் மேல் நிற்பதில்லை. மேற்பரப்பிலேயே பாதி அமிழ்ந்து கிடக்கும். 18-ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறியது) கட்டியதை மர நிழல் விழுந்த நீரில் முப்பதடி தூரத்தில் போட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது. மீன் எடுப்பதும் சத்தமில்லாத ஒரு சிறு சுழிப்புதான். அந்தச் சுழிப்பு நம் எறும்புக்கா, வேறு எதற்கோவா என்று ஊகித்துக் கோலை உயர்த்த வேண்டியிருக்கிறது. இதை முழுக் குறையென்று சொல்வதும் நியாயமில்லை, ஏனென்றால் அப்படி அமிழ்ந்து கிடப்பதால்தான் மீன் அதை நம்புகிறது. முதுகில் வெள்ளைக் குஞ்சம் வைத்து, அதன் அடியில் இறகைக் கிடையாகச் சுற்றிய பாராசூட் எறும்பு நிழலில் உதவுகிறது; மாலை வெயில் நீரில் பளபளக்கும்போது அந்த வெள்ளையும் மறைந்துவிடுகிறது, அப்போது கறுப்புக் குஞ்சமே மேல். முன்னால் பெரிய வண்டு ஃப்ளை ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் எறும்பைத் தொடரவிடும் வழியும் உண்டு. ஆனால் பாசி அடர்ந்த லெடார்டில் இரண்டாவது முள் சிக்கிக்கொண்டே இருக்கும்.

ஃபோம் எறும்பு நன்றாகத் தெரியும், எண்ணெய் பூசாமலே மிதக்கும். சலசலத்து ஓடும் நீரில் அது போதும். கண்ணாடி போன்ற நீரிலோ, அது பொத்தென்று விழுவதும் உயரமாக மிதப்பதும் பெரிய மீன்களுக்குப் பிடிப்பதில்லை.

சென்ற ஆகஸ்ட் இறுதியில், மழை விட்ட புழுக்கத்தில், இறக்கை முளைத்த எறும்புகள் ஓடை முழுவதும் வந்து விழுந்தன. ட்ரவுட்டுகள் வேறு எதையும் தொடாமல் அவற்றை மட்டுமே தின்றுகொண்டிருந்த அந்த மாலையில், ஆயிரக்கணக்கான எறும்புகளுக்கு நடுவே என்னுடையது எது என்று தெரியாமல் நின்றது இன்னமும் ஆறவில்லை.

ஆகவே, கோடைக்கு இதைவிடச் சிறந்த ஃப்ளை இல்லை என்றாலும், நண்பருக்கு உரோம எறும்பை நான் பரிந்துரைக்கப் போவதில்லை. 16-ஆம் எண்ணில் ஆரஞ்சுக் குஞ்சம் வைத்த பாராசூட் எறும்புகளை, இடுப்பைப் பார்த்து, அவர் வாங்கட்டும். இந்தப் பருவம் நானும் அவற்றைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.