குன்னூர்க்காரர்களே, ஆவி பார்க்கும் மீட்டரோடு ஒருவர் வந்தால் உஷார்

12,500 ரூபாய் போனதைக்கூட விடுங்கள். அந்த ஆள் பேச்சைக் கேட்டு அம்மாவையே பறிகொடுத்திருப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வாடகை வீடு. தகரக் கூரை. டிசம்பர் குளிர் இறங்கியதும் அம்மாவுக்கு ஆரம்பித்தது. விடிந்தால் தலைவலி, குமட்டல். ராத்திரி யாரோ நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருக்கிறதாம். கூரையில் டக் டக்கென்று சத்தம் வேறு. ஒருநாள் கதவோரம் ஒரு பொம்பளை நின்றதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நம்பர் கொடுத்தார்.

வந்தவரிடம் விபூதி, உடுக்கை எதுவும் இல்லை. ஜீன்ஸ், லேப்டாப் பை, கையில் டிவி ரிமோட் அளவில் ஒரு மீட்டர். "தம்பி, இது சயின்ஸ்" என்றார். சுவிட்ச் போர்டு பக்கம் சிவப்பு விளக்கு. அம்மாவின் தலைமாட்டில் மறுபடியும் சிவப்பு. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அது காந்தப்புலம் அளக்கிற சாதாரணக் கருவி. கரண்ட் ஓடும் ஒயர், ஃபிரிட்ஜ் மோட்டார், செல்போன், எதன் பக்கத்தில் போனாலும் எரியும். தலைமாட்டுச் சுவருக்குள்தான் மெயின் ஒயரே போகிறது. "மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒருதடவை காட்டுங்க" என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"ஜன்னல் வழியாத்தான் உள்ள வருது" என்று ஜன்னல், கதவிடுக்கு, கூரையோர ஓட்டை எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டி, எலுமிச்சம்பழம் கட்டினார். 48 நாள் திறக்கக் கூடாதாம். அன்றைக்கு 7,500. "இன்னும் போகல" என்று அடுத்த வாரம் 5,000. ரசீது கிடையாது.

அம்மாவுக்கு இன்னும் மோசமானது. பொங்கலுக்கு மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனார்; நாலு நாளும் நல்ல தூக்கம். "ஏன்டா, பேய்க்கு மலையிறங்க பஸ் கிடைக்கலையா?" என்றாள் அக்கா. திரும்பி வந்த முதல் ராத்திரியே அம்மா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் முதலில் கேட்டதே, "குளிருக்கு ரூம்ல கரி மூட்டுறீங்களா?"

மூட்டினோம். இரும்புச் சட்டியில், கட்டிலுக்குப் பக்கத்தில், தினமும். புகை அடங்கின கரிதானே என்று நினைத்தோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, நெஞ்சு அமுக்கம், இல்லாத ஆள் தெரிவது எல்லாமே அதனால் வரும். 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இதே போன்ற ஒரு 'பேய் வீட்டை'ப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே குற்றவாளி, வீட்டைச் சூடாக்கும் பழுதான உலை. நாங்கள் என்னடா என்றால், இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் காசு கொடுத்து அடைத்துவிட்டோம்.

கூரைச் சத்தம் இப்போதும் கேட்கிறது. பகல் வெயிலில் விரிந்த தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்குகிறது, அவ்வளவுதான். அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் செய்தேன். "48 நாள் முடியறதுக்குள்ள திறந்துட்டீங்க தம்பி, இனிமே நான் பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டார். டேப்பைக் கிழித்தபோது ஜன்னல் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அதற்கு வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பாராம்.