வயிற்றில் பலூனா, பேண்டா?

எடை குறைக்க வயிற்றுக்குள் ஒரு பொருளை வைப்பது என்றால், நான் விசாரித்தவை இரண்டு. ஒன்று, ஆறு மாதத்தில் வெளியே எடுத்துவிடும் பலூன். இன்னொன்று, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி மாட்டும் சிலிகான் பேண்ட். நான் போட்டுக்கொண்டது பலூன், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

இரண்டுமே சாப்பாட்டைக் குறைக்கும், பணத்தைக் கரைக்கும். அது தெரிந்ததுதான். வடசென்னைத் திருவொற்றியூரில் இருக்கும் எனக்கு முடிவைத் தீர்மானித்தது, பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்பதே.

பேண்டுக்குத் தோலுக்கடியில் ஒரு போர்ட், அதாவது ஊசி குத்துவதற்கான சின்ன வாய், வைப்பார்கள். அதில் ஊசி குத்தி, சலைனை (உப்புநீரை) ஏற்றி இறக்கித்தான் இறுக்கத்தைச் சரிசெய்ய முடியும். அதிகம் இறுகினால் வாந்தி, தளர்ந்தால் பழையபடி பசி. இது வருடக்கணக்கான வேலை. பேண்ட் வழுக்கலாம், இரைப்பைச் சுவரை அரிக்கலாம், போர்ட்டில் சீழ் பிடிக்கலாம். பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் பரவிய பிறகு பேண்ட் போடுவதே அபூர்வமாகிவிட்டது. பத்து வருடம் கழித்து அதைத் தொட்டுப் பழகிய டாக்டரைத் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ எங்கே போய்த் தேடுவது?

பலூனும் சாது இல்லை. முதல் சில நாள் குமட்டல் உயிரை எடுக்கும். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைப் பக்கமே போகாதீர்கள். உள்ளே நிரப்பும் சலைனில் நீலச் சாயம் கலப்பார்கள். பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். அன்றே ஓட வேண்டும், சுருங்கிய பலூன் குடலில் இறங்கி அடைத்துக்கொள்ளலாம். முதுகு வரை பரவும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி என்றாலும் அப்படித்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை, பலூனை வெளியே எடுக்கும் நாள்வரை நிறுத்தக்கூடாது. தலைவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வாங்கிப் போடக்கூடாது. இந்த வகை பலூன் போட்ட சிலர் இறந்ததை 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே டாக்டர்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னது.

ஆனாலும் இதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடக்கூடாது, அமிலத்தில் பலூன் நைந்துபோகும். எடுப்பதற்கு முன் டாக்டர் திரவ உணவு மட்டும் என்றால் அதேதான். வயிற்றில் சோறு மிச்சமிருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம்.

பேண்டோடு வாழ்ந்த அனுபவம் எனக்கில்லை. பலூனை எடுத்தபின் எடை திரும்புவதும் சகஜம். என் விஷயத்தில் எப்படி என்று சொல்ல இன்னும் காலம் போகவில்லை. வயிற்றில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பை மார்புக்குள் ஏறியிருப்பது) உள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் பொதுவாகப் பலூன் வைப்பதில்லை.