செலியாக் வீட்டுக்கு மாவு: தெரு மில்லா, பாக்கெட்டா, வீட்டு எந்திரமா?

கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்தான் செலியாக். குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது வடக்கே இருப்பவர்களுக்கு இருக்கும் அளவுக்கு நமக்குக் கஷ்டமில்லை. இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், புட்டு, கேப்பைக் களி, கம்பங்கூழ் எதிலும் கோதுமை கிடையாது. பரோட்டா, சப்பாத்தி, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட், பார்லி சேர்ந்த மால்ட் பானப் பொடி, இவற்றை நிறுத்த வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். என் மகளுக்குச் செலியாக் என்று உறுதியானபோது டயட்டீஷியன் இந்தப் பட்டியலை முடித்துவிட்டுக் கேட்டது வேறு கேள்வி. "அரிசி மாவு, கேப்பை மாவு எல்லாம் எங்கே அரைக்கிறீங்க?"

தெரு முனை மில்லில்தான். வேறு எங்கே அரைப்போம்? அதற்குப் பிறகு மில், பாக்கெட், வீட்டில் வைக்கும் மாவு எந்திரம் என்று மூன்றையும் பார்த்துவிட்டு, எந்திரம் வாங்கினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 20 முதல் 100 வரை இருந்தால் குளூட்டன் குறைந்தது என்றுதான் போடலாம். கோதுமை மாவில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரே ஒரு கிராம் கோதுமை மாவில் சுமார் 80 மில்லிகிராம் வந்துவிடுகிறது. ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு, அதாவது ஒரு கிராம், கலந்தாலே வரம்பைப்போல் நான்கு மடங்கு. கண்ணுக்குத் தெரியாது, ருசியில் தெரியாது. பிள்ளைக்கு அன்றே வயிறு வலிக்கும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுகுடலின் உறிஞ்சிகள் தேய்ந்துகொண்டே போகும், இரும்புச்சத்து ஏறாது, உயரம் கூடாது.

இப்போது மில்லுக்கு வருகிறேன். விலையில் அதை எதுவும் ஜெயிக்க முடியாது. பதமும் அப்படித்தான். ஊறவைத்து நிழலில் உலர்த்திய ஈர அரிசியை இடியாப்பத்துக்கும் அதிரசத்துக்கும் மில்லில் அரைத்து வாங்கினால் வரும் அந்த மென்மை வேறு எங்கும் வருவதில்லை. ஆனால் அதே எந்திரத்தில் நாள் முழுக்கக் கோதுமையும் ஓடுகிறது. ரேஷன் கடையில் கோதுமை போட்ட வாரம் என்றால் வரிசையில் பாதித் தூக்குகள் கோதுமைதான். எங்கள் மில் அண்ணாச்சி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "காலையில முதல் ஆளா வாங்கம்மா, ரெண்டு பிடி அரிசியைப் போட்டுத் தள்ளிட்டு அரைச்சுத் தர்றேன்" என்றார். மிளகாய் அரைத்த பிறகு நெடி போக அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. நெடி போவதற்கு அது போதும். செலியாக்குக்குப் போதாது. மாவு விழும் வாயில் ஒரு துணிப்பை கட்டியிருப்பார்களே, அதைத் தட்டிப் பாருங்கள், முந்தின நாள் மாவு பொலபொலவென்று கொட்டும். கல்லின் கொத்துப் பள்ளங்களிலும் மேலே இருக்கும் தொட்டியின் மூலைகளிலும் இருப்பதைச் சேர்த்தால் பிடிக் கணக்கில் வரும். நமக்கு ஆகாதது ஒரு கிராம். அண்ணாச்சி மேல் குறையே சொல்ல மாட்டேன், ஒரு வீட்டுக்காக எந்திரத்தையே கழற்றித் துடைக்கச் சொல்ல முடியுமா?

கடையில் விற்கும் சாதாரண கேப்பை மாவு, கம்பு மாவு, கடலை மாவு பாக்கெட்டுகளும் இதே வகைதான். பாக்கெட்டில் வருவதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. 2010-இல் அமெரிக்காவில் இயல்பாகவே குளூட்டன் இல்லாத தானியங்களும் மாவுகளும், லேபிளில் அப்படிப் போடாதவை, 22 மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அதில் 7 மாதிரிகளில் 20-க்கு மேல் இருந்தது. சிறுதானிய மாவும் சோள மாவும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்புறம், சோதித்துச் சான்று பெற்ற குளூட்டன் இல்லாத பாக்கெட் மாவு. நம்பிக்கை என்று பார்த்தால் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரச்சினை விலை. சாதாரண ஆட்டாவைப்போல் மூன்று நான்கு மடங்கு, சில பிராண்டுகளில் அதற்கும் மேல். சப்பாத்திக்கு மாற்றாக வாரம் இரண்டு முறை என்றால் சமாளிக்கலாம். கொழுக்கட்டை, இடியாப்பம், முறுக்கு, அடை, கூழ் என்று எல்லாவற்றுக்கும் பாக்கெட் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்காது. பலவற்றில் அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும்தான் பெரும்பங்கு, நார்ச்சத்து குறைவு. சின்ன ஊர்களில் கடையில் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். பயணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் இதைவிட நல்லது இல்லை, எங்கள் வீட்டிலும் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும்.

வீட்டு மாவு எந்திரம் சின்ன பீரோ மாதிரி ஒரு பெட்டி, ஒரு எச்.பி. மோட்டார். உள்ளே பெரும்பாலும் கல் கிடையாது. ஸ்டீல் அறைக்குள் சுழலும் உலோகத் துண்டுகள் தானியத்தை அடித்து நொறுக்கும், அதைச் சுற்றியுள்ள சல்லடை வழியாக மாவு கீழே டப்பாவில் இறங்கும். சல்லடையை மாற்றி மாவு, குருணை என்று பதத்தை மாற்றலாம். விலை 15,000 ரூபாயிலிருந்து 25,000 வரை போகிறது. பெரிய தொகைதான். ஆனால் செலியாக் ஆயுள் முழுக்கக் கூட வருவது, பாக்கெட்டுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் போட்ட காசு திரும்பிவிடும்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த எந்திரங்கள் கோதுமை சாப்பிடும் வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, அதனால் டெமோ காட்ட வருபவர் கையோடு கோதுமைதான் கொண்டு வருவார். எங்களுக்கு வந்த பையனும் பையைப் பிரித்துக்கொண்டே வந்தார். வாசலிலேயே நிறுத்தி, எங்கள் அரிசியைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கம்பெனியிலேயே கோதுமை ஓட்டிப் பார்த்து அனுப்பியிருக்கலாம் என்பதால் அறை, சல்லடை, துணிப்பை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, துணிப்பையை மட்டும் புதிதாகக் கேட்டு வாங்கி, கொஞ்சம் பச்சரிசி அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் மகளுக்கு அரைத்தோம். இன்னொன்று, செகண்ட் ஹாண்ட் வேண்டவே வேண்டாம். பாதி விலைக்குக் கிடைக்கும், ஆசையாக இருக்கும். ஆனால் ஒருவர் வீட்டில் வருடக்கணக்கில் கோதுமை அரைத்த எந்திரம் அது, எந்த இடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்திரம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தானியமே கலப்போடுதான் வருகிறது. கேப்பையும் கம்பும் சின்ன மணி, அதனால் சல்லடையில் சலித்தால் கோதுமை மேலே நின்றுவிடும், சுலபம். அரிசியும் உளுந்தும் துவரம்பருப்பும் அப்படியில்லை. தாம்பாளத்தில் பரப்பி வெளிச்சத்தில் கையால்தான் பொறுக்க வேண்டும். துவரம்பருப்பில் கோதுமை மணி கிடப்பதை நானே எடுத்திருக்கிறேன். பிறகு கழுவி, வெள்ளைத் துணியில் காயப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அரைக்கிறோம். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டார் கோதுமை காயவைக்கும் நாளில் நாங்கள் காயப்போடுவதில்லை. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி வேண்டுமானால் அதற்கான கோதுமை மில்லுக்குப் போகும், இந்த எந்திரத்துக்குள் ஒரு மணி கூட நுழையாது. "ஒரு தடவைதானே, துடைச்சுக்கலாம்" என்று மாமியார் கேட்டபோதுகூட அந்தக் கணக்கைச் சொல்லித்தான் மறுத்தேன், அவரும் புரிந்துகொண்டார்.

பராமரிப்பு என்று பார்த்தால் துணிப்பைதான் முக்கியம். தட்டித் துவைக்காமல் விட்டால் மாவு அடைத்து மோட்டார் சூடாகும், மழைக்காலத்தில் வண்டு வரும். எள், நிலக்கடலை மாதிரி எண்ணெய்ச் சத்துள்ளவற்றைப் போடக் கூடாது, சல்லடை அடைந்துவிடும். ஈர அரிசியும் கூடாது. அதிரசத்துக்கு நான் இன்னமும் மிக்ஸியில் அரைத்துச் சலித்துத்தான் எடுக்கிறேன். இடியாப்பத்துக்குக் காய்ந்த அரிசியை அரைத்து, மாவை லேசாக வறுத்து, கொதிக்கும் நீர் விட்டுப் பிசைகிறேன். மில் மாவின் பதம் வரவில்லை, ஆனாலும் நன்றாகவே இருக்கிறது. சத்தம் அதிகம், அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மத்தியான நேரத்தில் அரைப்பது நல்லது.

வீட்டில் அரைக்கும் மாவை நான் லேபில் கொடுத்துச் சோதித்ததில்லை. எனக்கு இருக்கும் ஆதாரம் செலியாக்குக்காக ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி அளவு மகளுக்கு இறங்கியதும், ஹீமோகுளோபின் ஏறியதும்தான். அதே சமயத்தில் ஹோட்டல் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தோம், அதனால் எந்திரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரெட், கேக் விஷயத்திலும் எனக்கு அனுபவம் குறைவு, அதற்கு ஆயத்தக் கலவைப் பாக்கெட்டே மேல் என்று தோன்றுகிறது. ஓட்ஸும் இதுவரை கொடுத்துப் பார்க்கவில்லை.

எந்திரத்துக்குப் பணம் இப்போதைக்குப் புரளவில்லை என்றால் மில்லுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. மிக்ஸிக்குப் புதிதாக ஒரு ஜாரும், தனியாக ஒரு சல்லடையும் வாங்கி, பொறுக்கிக் கழுவிய அரிசியையும் கேப்பையையும் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளலாம். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், கை வலிக்கும். புட்டுக்கும் கூழுக்கும் களிக்கும் அந்தக் கொரகொரப்பே போதும், முறுக்குக்கு மட்டும் இரண்டு முறை சலிக்க வேண்டும்.